வூஸ்டரில் ஓர் இறுதியாண்டு: பெரிய ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த மருத்துவப் படிப்பு

கேப் டவுனிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பார்ல் ஊரைத் தாண்டியதும் மலை குறுக்கே நிற்கும். 1988இல் திறந்த ஹியூகனாட் சுரங்கப்பாதைக்குள் நுழைந்து கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் போனால் மலைக்கு அந்தப் பக்கம் பிரீட் ஆற்றுப் பள்ளத்தாக்கு; பார்த்த இடமெல்லாம் திராட்சைத் தோட்டம். அங்கேதான் வூஸ்டர் இருக்கிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் ஊர், அதற்கு ஓர் அரசு மருத்துவமனை. 2011இல் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் சிலர் பெட்டி படுக்கையோடு இங்கே வந்து இறங்கினார்கள். ஒரு துறையில் ஒரு மாதப் பயிற்சி என்ற போஸ்டிங்குக்காக வரவில்லை. ஆறு வருடப் படிப்பின் கடைசி வருடம் முழுவதையும் இங்கேயே படிக்க வந்தார்கள்.

கடைசி வருடம் என்பதுதான் விஷயம். பரீட்சை வருடம். அவர்கள் விட்டுவிட்டு வந்த கேப் டவுன் டைகர்பெர்க் மருத்துவமனை சுமார் 1,380 படுக்கைகள் கொண்டது. தென்னாப்பிரிக்காவின் மிகப் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. எல்லாத் துறைகளும் அங்கே உண்டு. கேள்வித்தாள் தயாரிக்கும் பேராசிரியர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை இப்படிக் கிளம்பினால் என்ன கேட்போம்? "பெரிய ஆஸ்பத்திரியை விட்டுட்டு அங்க போய் என்னத்தக் கத்துக்கப் போற?" இந்தக் கேள்வியை அந்த மாணவர்களும் கேட்டிருக்கிறார்கள், அவர்களின் ஆசிரியர்கள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு வூஸ்டர் கொடுத்த பதிலைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் சொந்த அனுபவம். நான் படித்தது தமிழ்நாட்டில், ஒரு பெரிய அரசு மருத்துவமனையில். ஒரு யூனிட்டுக்குப் பதினைந்து இருபது மாணவர்கள். வார்டில் ஒருவருக்கு ஈரல் வீங்கியிருக்கிறது என்று தெரிந்தால் அன்று காலை முழுக்க அவர் வயிற்றில் கை வைக்க வரிசை நிற்கும். நாலாவது ஐந்தாவது ஆளுக்குப் பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சட்டையை மட்டும் தூக்கிவிடுவார். ஒருநாள் அப்படி ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு என்னன்னு நீயாவது சொல்லுப்பா" என்றார். எனக்குத் தெரியும், ஆனால் சொல்லும் பொறுப்பு என்னிடம் இல்லை. "சீஃப் சொல்லுவார் ஐயா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மறுநாள் அந்தக் கட்டிலில் வேறு ஆள். அவர் வீட்டுக்குப் போனாரா, வேறு வார்டுக்குப் போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

படிப்பு முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன முதல் வாரம் பேதியான குழந்தையோடு ஒரு தாய் வந்தார். அரிதான ஈரல் நோய்களின் காரணங்களை வரிசையாக ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அந்தத் தாய் வீட்டில் உப்பு சர்க்கரைக் கரைசலை எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு கரைத்து எப்படிக் கொடுப்பது என்று புரியும்படி சொல்லத் தெரியவில்லை. அங்கிருந்த செவிலியர் அக்காதான் ஒரு டம்ளரை எடுத்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார். தாய்க்கும் எனக்கும் சேர்த்து.

ஆயிரத்தில் ஒருவர்

இது ஒரு கல்லூரியின் குறையோ ஒரு நாட்டின் குறையோ இல்லை. 1961இல் கெர் ஒயிட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார்கள். வயது வந்த ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் சுமார் 750 பேருக்கு ஏதாவது ஓர் உடல் உபாதை வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். ஒன்பது பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்பவர் ஒரே ஒருவர். மருத்துவக் கல்வி அந்த ஒருவரை வைத்து நடக்கிறது. மருத்துவரைப் பார்க்க வரும் மற்ற 249 பேரைப் படிப்பு முடிந்த பிறகு, சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், தனியாகச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை. 2000களில் அங்கே பலரும் எடுத்துக்காட்டிய கணக்குப்படி மக்களில் சுமார் 43 சதவீதம் கிராமப்புறத்தில் இருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது நாட்டின் மருத்துவர்களில் 12 சதவீதம், செவிலியர்களில் 19 சதவீதம். 1998 முதல் ஒவ்வொரு புது மருத்துவரும் ஒரு வருடம் அரசு சொல்லும் இடத்தில் கட்டாயச் சமூகப்பணி செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இளம் மருத்துவர் போய்ச் சேரும் சின்ன மாவட்ட மருத்துவமனையில் நடுராத்திரி சிசேரியன் செய்ய வேண்டும், முதுகில் மயக்க ஊசி போட வேண்டும், விபத்தில் வந்தவரின் மார்பில் குழாய் செருக வேண்டும். இவற்றையெல்லாம் பெரிய மருத்துவமனையில் தூர நின்று பார்த்தவர்கள் பலர், கையால் செய்தவர்கள் சிலர். பயந்துபோய் ஒரு வருடத்தை எண்ணிக் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

எப்படி ஆரம்பித்தது

ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகம் 2001இல் உக்வாண்டா என்ற பெயரில் கிராமப்புற சுகாதார மையம் ஒன்றைத் தொடங்கியது. உக்வாண்டா, ஹோசா என்ற தென்னாப்பிரிக்க மொழியின் சொல்; வளர்தல், பரவுதல் என்று பொருள். முதல் பத்து வருடம் அந்த மையம் மாணவர்களைச் சிறு சிறு காலத்துக்கு வெளியூர் அனுப்பி வந்தது. பயன் இருந்தது, ஆனாலும் விருந்தாளி மாதிரிதான். ஊர் பிடிபடுவதற்குள் கிளம்ப வேண்டிய நாள் வந்துவிடும்.

முழு வருடம் என்ற யோசனைக்கு முன்மாதிரி வெளியே இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997இல் எட்டு மாணவர்களை அடிலெய்டிலிருந்து ரிவர்லேண்ட் பகுதிச் சிற்றூர்களுக்கு அனுப்பியிருந்தது. அங்கே உள்ளூர்க் குடும்ப மருத்துவர்களிடம் ஒரு வருடம் படித்தார்கள். மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு என்று தனித்தனி போஸ்டிங் கிடையாது. காலையில் ஒரு கர்ப்பிணி, அடுத்து ஒரு கை முறிவு, மதியம் ஒரு சர்க்கரை நோயாளி. வருவது எதுவோ அதுவே அன்றைய பாடம். பால் வோர்லியும் அவருடைய சகாக்களும் அவர்கள் மதிப்பெண்ணை நகரத்தில் படித்தவர்களோடு ஒப்பிட்டு 2004இல் பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். கிராமத்தில் படித்தவர்கள் பின்தங்கவில்லை. நகரப் பெரிய மருத்துவமனையில் இருந்தவர்களைவிட அவர்களுடைய மதிப்பெண் கூடியிருந்தது. உலகம் முழுக்க மருத்துவக் கல்வியாளர்கள் இதைக் கவனித்தார்கள்.

வூஸ்டருக்குப் பணமும் அதே சமயத்தில் வந்தது. 2010இல் அமெரிக்க அரசு, ஆப்பிரிக்க மருத்துவக் கல்விக்கென்று ஐந்து வருடத்துக்கு 13 கோடி டாலர் ஒதுக்கிப் பன்னிரண்டு நாடுகளில் 13 கல்வி நிறுவனங்களுக்குப் பகிர்ந்தளித்தது. மெப்பி என்று அதைச் சுருக்கிச் சொல்வார்கள். ஸ்டெல்லன்போஷும் அதில் ஒன்று. இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும், பலர் அதைச் சொல்வதில்லை. 2007இல் தென்னாப்பிரிக்கா குடும்ப மருத்துவத்தைத் தனிச் சிறப்புத்துறையாக அங்கீகரித்தது. அதனால் சின்ன மாவட்ட மருத்துவமனைகளுக்கும் சிறப்பு மருத்துவர் ஒருவர் வர வழி பிறந்தது. குழந்தையையும் கிழவரையும் ஒரே காலையில் பார்க்கக்கூடிய, அதையே தன் துறையாகப் படித்த ஒருவர். அவர் இல்லையென்றால் மாணவரை அங்கே அனுப்பி என்ன செய்வது? வூஸ்டரில் உக்வாண்டா நடத்திய இந்தக் கிராமப்புற மருத்துவப் பள்ளியின் முதல் இயக்குநர் ஹாஃபி கான்ரடியும் குடும்ப மருத்துவர்தான்.

இரண்டு வழிகள்

வந்த மாணவர்களுக்கு இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒன்று, வூஸ்டர் மருத்துவமனையிலேயே தங்கித் துறை துறையாகப் போவது. பாடத்திட்டம் டைகர்பெர்க் மாதிரிதான், ஆனால் கூட்டம் இல்லை. பெரிய மருத்துவமனையில் பேராசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே முதுநிலை மாணவர், மருத்துவ அலுவலர், ஹவுஸ் சர்ஜன் என்று ஒரு வரிசையே நிற்கும். அறுவை அரங்கில் மேசைக்குப் பக்கத்தில் இடம் கிடைப்பதே பெரிது. வூஸ்டரில் அந்த வரிசை குட்டை. சிறப்பு மருத்துவருக்கு எதிரே நின்று உதவி செய்யும் கை பல நேரம் மாணவருடையதாகவே இருக்கும்.

இரண்டாவது வழி இன்னும் துணிச்சலானது. செரீஸ், ராபர்ட்சன் போன்ற சிற்றூர்களின் மாவட்ட மருத்துவமனைக்கு ஓரிரு மாணவர்களாகப் போய், ஃபிளிண்டர்ஸ் முறையில் எல்லாத் துறைகளையும் வருடம் முழுக்கச் சேர்த்தே படிப்பது. அங்கே குடும்ப மருத்துவர்தான் முதன்மை ஆசிரியர். வூஸ்டரிலிருந்து சிறப்பு மருத்துவர்கள் அவ்வப்போது வந்து கடினமான நோயாளிகளைப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் மாணவருக்குக் கூடுதல் பாடம்.

இந்த இரண்டாவது வழியில்தான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஒரு மாணவி பிப்ரவரியில் ராபர்ட்சனுக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகள் பரிசோதனை நாளில் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பார்க்கிறாள். ரத்த அழுத்தம் சற்று மேலே இருக்கிறது. இரண்டு வாரத்தில் வரச் சொல்கிறார்கள். அந்தப் பெண் வரவில்லை. பெரிய மருத்துவமனையாக இருந்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். மாணவி அடுத்த துறைக்குப் போயிருப்பாள். இங்கே அவள் ஊரிலேயே இருக்கிறாள். ஏன் வரவில்லை என்று விசாரித்தால், அது அறுவடைக் காலம் என்றும் ஒரு நாள் லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் என்றும் தெரிகிறது. பிரசவத்தின்போது மாணவி பக்கத்தில் இருக்கிறாள். ஆறு வாரத் தடுப்பூசிக்குக் குழந்தை வரும்போதும் இருக்கிறாள். அந்தத் தாய் இப்போது நேராக அவளைத் தேடி வந்து, குழந்தை சரியாகப் பால் குடிக்கவில்லை என்று சொல்கிறாள்.

மகப்பேறு, குழந்தை நலம், சமூக மருத்துவம் என்று மூன்று போஸ்டிங்குகளாகப் பிரித்துப் படிப்பது இங்கே ஒரே குடும்பத்தின் கதையாகக் கையில் கிடைக்கிறது. இதைவிட முக்கியமான ஒன்றும் நடக்கிறது. அவள் அன்று வராவிட்டால் அந்தத் தாய் கேட்பாள். மருத்துவமனைச் செவிலியர் கேட்பார். "டாக்டர் பொண்ணு எங்க?" என்று யாராவது தேடும் நிலைக்கு மாணவர் வந்துவிட்டால் அதற்குப் பிறகு படிப்பு தானாக நடக்கும் என்பது என் நம்பிக்கை. தேடப்படாத ஆளாகவே நான் ஐந்து வருடம் படித்ததால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாசற்படி

ஸ்டெல்லன்போஷ் வூஸ்டருக்கு அனுப்பியது எம்.பி.சிஎச்.பி. என்ற மருத்துவப் பட்டம் படிக்கும் மாணவர்களை மட்டும் அன்று. இயன்முறை மருத்துவம், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் செயல்முறை மருத்துவம், உணவியல், பேச்சுப் பயிற்சி படிப்பவர்களும் வந்தார்கள். ஊரின் ஓரத்தில் ஏவியன் பார்க் என்ற ஏழை மக்கள் குடியிருப்பு இருக்கிறது. அங்கே பல்கலைக்கழகம் ஒரு கற்றல் மையம் வைத்தது. பல துறை மாணவர்கள் சேர்ந்து, உள்ளூர் சுகாதாரப் பணியாளர்கள் காட்டும் வீடுகளுக்குப் போவார்கள்.

அப்படி ஒரு வீட்டைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன ஐம்பத்தைந்து வயதுக்காரர். மருத்துவமனைத் தாளில் "நிலை சீராக உள்ளது, வீட்டுக்கு அனுப்பப்பட்டார்" என்று இருக்கும். மருத்துவ மாணவர் ரத்த அழுத்தம் பார்க்கிறார், ஏறியிருக்கிறது. மாத்திரை கொடுத்திருக்கிறோமே என்று யோசிக்கிறார். இயன்முறை மாணவி அவரை எழுந்து நிற்க வைக்கிறாள், நிற்கிறார். செயல்முறை மருத்துவ மாணவி வாசலைப் பார்க்கிறாள். படி ஒன்றரை அடி உயரம், கழிப்பறை வெளியே, நடுவில் மணல். சக்கர நாற்காலி கொடுத்திருக்கிறார்கள், அது வாசலைத் தாண்டாது. உணவியல் மாணவி அடுப்படியில் பாக்கெட் சூப்புப் பொடியைப் பார்க்கிறாள்; தினமும் இரண்டு வேளை அதுதான் குழம்பு, முழுக்க உப்பு. பேச்சுப் பயிற்சி மாணவர், அவர் தண்ணீர் குடிக்கும்போது இருமுவதைக் கவனிக்கிறார். மாத்திரையை விழுங்கப் பயந்து பாதி நாள் விட்டுவிடுகிறார் என்று அப்போதுதான் மனைவி சொல்கிறார். ரத்த அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு மருத்துவ மாணவரிடம் பதில் இல்லை. மற்ற நான்கு பேரிடம் ஆளுக்கொரு துண்டாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் கொண்டுவந்த செயல்பாட்டு வகைப்பாடு ஒன்று உண்டு. நோய் என்ன என்பதோடு நிற்காமல், அந்த ஆளால் என்ன செய்ய முடிகிறது, எதில் பங்கெடுக்க முடிகிறது, சுற்றுப்புறம் உதவுகிறதா தடுக்கிறதா என்று சேர்த்துப் பார்க்கும் முறை. உக்வாண்டாவில் எல்லாத் துறை மாணவர்களும் பேசிக்கொள்ள இதையே பொது மொழியாக வைத்தார்கள். வகுப்பறையில் கேட்டால் வறட்டுப் படிவமாகத் தோன்றும். அந்த ஒன்றரை அடிப் படியில் நின்றால் அதன் அர்த்தம் ஒரு நிமிடத்தில் பிடிபடும். இந்தப் பகுதியின் நோய்களுக்குப் பின்னால் இப்படிப் பல படிகள் இருக்கின்றன. திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1960களில் சட்டம் தடுத்த பிறகும் பல தோட்டங்களில் தொடர்ந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான வட்டாரங்களில் வூஸ்டர் இருக்கும் மேற்குக் கேப் மாகாணத்தின் திராட்சைப் பகுதிகளும் அடக்கம். காசநோயும் இங்கே மிக அதிகம். இந்த வரலாறு தெரியாமல் ஒரு தாயிடம் "ஏன் குடித்தாய்?" என்று கேட்கும் மருத்துவர் உருவாகாமல் இருக்க, படிக்கும்போதே அந்தத் தெருவில் நடந்திருக்க வேண்டும்.

மதிப்பெண்

பயந்த மாதிரி நடக்கவில்லை. வூஸ்டரில் படித்தவர்களின் பரீட்சை முடிவுகள் டைகர்பெர்க்கில் படித்தவர்களுக்குக் குறையாமல் இருந்தன. சூசன் வான் ஷால்க்விக் தலைமையில் கல்வி ஆய்வாளர்கள் முதல் குழுவிலிருந்தே மாணவர்களைப் பின்தொடர்ந்து, பேட்டி எடுத்து எழுதியிருக்கிறார்கள். அதில் திரும்பத் திரும்ப வருவது தன்னம்பிக்கை. கையால் செய்திருக்கிறேன், ராத்திரியில் செய்திருக்கிறேன், இனி தனியாக விட்டாலும் பயமில்லை என்ற உணர்வு. கூடவே, என்ன படிக்க வேண்டும் என்று யாரும் தினமும் சொல்லாததால் தானே முடிவு செய்து படிக்கப் பழகியதையும் சொல்கிறார்கள். ஆரம்ப மாதங்களில் இதுவே பெரிய பதற்றமாக இருந்திருக்கிறது. டைகர்பெர்க்கில் நண்பர்கள் எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்களோ, நாம் எதைத் தவறவிடுகிறோமோ என்ற பதற்றம். அது இயல்புதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். இந்த மாணவர்கள் தாங்களாக விரும்பி வந்தவர்கள். விரும்பி வருபவரிடம் ஏற்கெனவே ஒரு துணிச்சல் இருக்கும். நல்ல முடிவுகளில் எவ்வளவு அந்த ஊர் கொடுத்தது, எவ்வளவு அவர்கள் கொண்டுவந்தது என்று பிரித்துப் பார்ப்பது கடினம். 2010இல் உலக சுகாதார நிறுவனம் கிராமப்புற மருத்துவப் பணியாளர்கள் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டபோது இதை நேர்மையாகவே சொன்னது. மாணவரைக் கிராமத்தில் பயிற்றுவிப்பது அவரைக் கிராமத்தில் தங்க வைக்கும் என்பதற்கு அன்று கையில் இருந்த சான்றின் தரம் மிகக் குறைவு என்று எழுதி, நிபந்தனையோடுதான் அதைப் பரிந்துரைத்தது. அந்தப் பட்டியலிலேயே உறுதியாகப் பரிந்துரைத்தது வேறொன்றை: கிராமத்துப் பிள்ளைகளையே படிக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் தென்னாப்பிரிக்காவில் உதாரணம் உண்டு. டர்பன் தமிழர்களுக்குத் தெரிந்த ஊர். அதே குவாசூலு நட்டால் மாகாணத்தின் வடகோடியில், மலைமேல், இங்வாவுமா என்ற ஊரில் மோஸ்வோல்ட் மருத்துவமனை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் மருத்துவர்கள் தங்காமல் போவதைப் பார்த்துச் சலித்த ஆண்ட்ரூ ராஸ் என்ற மருத்துவர், 1990களின் இறுதியில் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கே உதவித்தொகை கொடுத்துச் சுகாதாரப் படிப்புகளுக்கு அனுப்பும் திட்டத்தை ஆரம்பித்தார். நிபந்தனை: விடுமுறையில் வந்து உள்ளூர் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும், முடித்ததும் திரும்பி வர வேண்டும். பிற்பாடு உம்தோம்போ என்ற பெயரில் அது வளர்ந்தது. வூஸ்டர் நகரத்துப் பிள்ளையைக் கிராமத்துக்குப் பழக்குகிறது. இங்வாவுமா கிராமத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பி மீட்டெடுக்கிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கே உறுத்துகிறது

முதல் உறுத்தல், ஆசிரியரின் நேரம். மாவட்ட மருத்துவமனை மருத்துவருக்குச் சம்பளம் கொடுப்பது மாகாண சுகாதாரத் துறை. அவரிடம் எதிர்பார்ப்பது நோயாளிகளைப் பார்ப்பது. வெளியே எண்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது மாணவரை உட்கார வைத்து ஒரு நோயாளியை அரை மணி நேரம் பேசுவது அவருக்கு எந்தக் கணக்கில் வரும்? சரி, மாணவர் கொஞ்ச மாதத்தில் வேலையைப் பகிர்ந்துகொள்வார் என்பது உண்மைதான். ஒரு வருடம் தங்குவதன் லாபமே அது. முதல் இரண்டு மூன்று மாதம் சுமை, பிறகு துணை. நாலு வாரத்தில் கிளம்பும் மாணவர் சுமையாக வந்து சுமையாகவே போகிறார். ஆனால் அந்த முதல் மாதங்களைத் தாங்க மருத்துவரின் வேலை நேரத்தில் கற்பித்தலுக்கென்று எழுதி வைத்த மணிகள் வேண்டும். அதை மாகாணம் கொடுப்பதா, பல்கலைக்கழகம் கொடுப்பதா என்று ஒப்பந்தம் வேண்டும். நல்ல மனதை மட்டும் நம்பி ஓடும் பயிற்சி, அந்த மருத்துவர் மாற்றலாகிப் போன அன்று நின்றுவிடும்.

அப்புறம் தங்குமிடம், கார், இணையம். கேட்கச் சின்ன விஷயங்கள். கார் வைத்திருக்கும் மாணவருக்கு ராபர்ட்சன் ஓர் இனிய ஊர். இல்லாதவருக்கு வாரக் கடைசியில் அது சிறை. நூலகம் போனில்தான் என்றால் சிக்னல் கிடைக்க வேண்டும். மொழியும் அப்படியே. இந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலோர் பேசுவது ஆஃப்ரிகான்ஸ், அடுத்து ஹோசா. இரண்டும் வராத மாணவர் ஒவ்வொரு நோயாளிக்கும் செவிலியரை அழைக்க வேண்டியிருக்கும். நான் மேலே சொன்ன "டாக்டர் பொண்ணு எங்க" என்ற உறவு அவருக்கு அவ்வளவு சுலபமாக வாய்க்காது.

மெப்பி பணம் 2015இல் முடிந்தது. அதன் பிறகு வந்தது எண்ணிக்கை நெருக்கடி. 1990களின் நடுவில் போட்ட ஒப்பந்தப்படி தென்னாப்பிரிக்க மாணவர்கள் கியூபாவில் மருத்துவம் படிக்கப் போய்வருகிறார்கள். கடைசிக் கட்டப் பயிற்சியை மட்டும் தாய்நாட்டில் முடிப்பார்கள். 2018இல் அப்படித் திரும்பியவர்கள் 700க்கும் மேல். இருக்கிற போதனா மருத்துவமனைகளில் அவர்களுக்கு இடமே இல்லை. எல்லாப் பல்கலைக்கழகங்களும் வெளியூர் மருத்துவமனைகளைத் தேடி ஓடின. பரவலாக்கிய பயிற்சி என்பது விருப்பத் தேர்வாக இருந்தது போய் வேறு வழியில்லாத ஏற்பாடாக ஆனது இப்படித்தான். எனக்கு இதில் கவலை உண்டு. வூஸ்டரை வூஸ்டராக்கியது கூட்டம் இல்லாததும், அங்கே ஒருவர் காத்திருந்து சொல்லிக்கொடுத்ததும். டைகர்பெர்க்கில் நெரிசல் என்று இருபது பேரைப் பேருந்தில் ஏற்றி ஒரு மாவட்ட மருத்துவமனையில் இறக்கினால், அந்த ஈரலைச் சுற்றி நிற்கும் வரிசை ஊர் மாறி நிற்கும், அவ்வளவுதான்.

ஸ்டெல்லன்போஷ் இன்னும் தள்ளிப் போயிருக்கிறது. கேப் டவுனிலிருந்து சுமார் 800 கிலோமீட்டரில், ஆரஞ்சு ஆற்றங்கரையில், கலஹாரி பாலைவனத்தின் விளிம்பில் அப்பிங்டன் ஊர். அங்கே டாக்டர் ஹாரி சர்ட்டி மருத்துவமனையிலும் இப்போது மாணவர்கள் படிக்கிறார்கள். அது வேறு மாகாணம், வடக்குக் கேப். அந்த மாகாணத்தில் மருத்துவக் கல்லூரி கிடையாது. வூஸ்டரில் ஏதாவது தவறினால் ஒன்றரை மணி நேரத்தில் பேராசிரியர் வந்துவிடலாம். அப்பிங்டனில் அந்த வசதி இல்லை. உள்ளூர் மருத்துவரே முழு ஆசிரியராக வேண்டும்.

நம் ஊரிலும் இப்போது ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறோம். 2020இல் அறிவித்த விதிப்படி எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும். டிஆர்பி என்பார்கள். என் அக்கா மகள் போன வருடம் ஒரு மாவட்ட மருத்துவமனையில் அதை முடித்துவிட்டு வந்தாள். பெயர் வேண்டாம். "அங்க உனக்கு யாரும்மா சொல்லிக்கொடுத்தாங்க?" என்று கேட்டேன். "அவங்களுக்கே நேரம் இல்ல மாமா. ஓபியில ஒரு டேபிள் கூடுதலா கிடைச்சதுன்னு சந்தோஷப்பட்டாங்க. நானும் பார்த்தேன், ஒரு நாளைக்கு நூறு பேர்" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். கடைசி வாரத்தில் ஒருநாள் மதியம் இரண்டரை மணிக்கு ஓபி ஓய்ந்தது. அங்கிருந்த மூத்த மருத்துவர் இரண்டு டீ வாங்கி வரச் சொல்லி, காலையில் அவள் எடுத்த ஓர் ஈசிஜியை மேசையில் விரித்து வைத்தார். "இதுல நீ என்ன பார்த்த, ஏன் அனுப்பாம இங்கயே வச்சுக்கலாம்னு நினைச்ச, சொல்லு" என்று கேட்டார். இருபது நிமிடம். அந்த நோயாளி மறுநாள் வந்தபோது இவளைத்தான் தேடி வந்தாராம். பேரை மறைத்துவிட்டு அந்த ஈசிஜியைப் படம் எடுத்துப் போனில் இன்னும் வைத்திருக்கிறாள். எடுத்துக் காட்டினாள், மேசையின் ஓரத்தில் டீ கிளாஸும் பதிந்திருந்தது.